படகுக்காகக் கட்டிய கண்மாய்!

ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் தெற்கே பத்து கிலோமீட்டர் வாக்கில் போனால் சேத்தூர். பழைய ஜமீன் ஊர். மேற்கே நிமிர்ந்தால் மலை. கிழக்கே குனிந்தால் வயல். இரண்டுக்கும் நடுவில் கண்மாய்கள். மலையில் மழை இறங்கினால் ஓடைகளில் தண்ணீர் வரும். ஓடை கண்மாயை நிறைக்கும். கண்மாய் மடை வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சினால் கலுங்கு தாண்டி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். சாஸ்தா கோயில் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் அணையும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

அதனால் இந்தப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அணை, கரை, மடை, கலுங்கு எதையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரைத் தேக்கினால் அது யாரோ ஒருவர் வயலுக்கு. அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஊர்க் குடும்பங்களுக்குப் பக்கத்துச் சுற்றுலா என்றால் குற்றாலம். சாரல் காலத்தில் காலையில் கிளம்பினால் குளித்துவிட்டு இரவு வீடு திரும்பிவிடலாம். கோடை விடுமுறையில் கொஞ்சம் தூரமாக, ரெண்டு நாள் தங்குவது மாதிரி என்றால் கொடைக்கானல். ஸ்ரீவில்லிபுத்தூர், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு என்று வண்டி போய் மலையேறும். ஏரியைப் பார்த்ததும் எல்லோரும் படகுத்துறைக்கு ஓடுவார்கள். ஆனால், சேத்தூர்ப் பிள்ளை ஒன்று தாத்தாவின் கையைப் பிடித்து, "தாத்தா, இதுக்கு மடை எங்க இருக்கு? இந்தத் தண்ணி எந்த வயலுக்குப் போவுது?" என்று கேட்டால், அது அசட்டுக் கேள்வி இல்லை. கொடைக்கானல் ஏரியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

பதிலும் சுவாரஸ்யமானது. இந்த ஏரி எந்த வயலுக்காகவும் வெட்டப்படவில்லை. படகு விடுவதற்காகவே கரை போட்டுத் தேக்கிய தண்ணீர் இது!

சதுப்பில் எழுந்த கரை

இன்றைக்கு ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் பலரும் அது ஆதிகாலம் தொட்டே அங்கே இருப்பதாகத்தான் நினைக்கிறார்கள். நட்சத்திரம் மாதிரி விரல் விரலாக நீண்டு கிடக்கும் வடிவமும், கரையோர மரங்களும், காலைப் பனியும் அப்படித்தான் நம்ப வைக்கின்றன. ஆனால், ஏரிக்கு வயது நூற்று அறுபது சொச்சம்தான்.

1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் பழநி மலையின் மேல் ஏறி அளந்தபோது அங்கே ஏரி இல்லை. புல்வெளியும் சோலைக்காடும் ஓடைகளும்தான் இருந்தன. 1845-ல் மதுரைப் பக்கம் ஊழியம் செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் குளிர்ச்சி தேடி மேலே வந்து முதல் வீடுகளைக் கட்டினார்கள். கீழே காலராவும் காய்ச்சலும் அவர்களுடைய சகாக்களையும் குழந்தைகளையும் வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்த காலம் அது. உயிருக்குப் பயந்துதான் மலையேறினார்கள். அப்போதும் ஏரி இல்லை. வீடுகளுக்கு நடுவே கிடந்த பள்ளத்தில் ஓடைகள் வந்து சேர்ந்து சதுப்பாக ஊறிக்கிடந்தன.

அந்தச் சதுப்பைப் பார்த்து ஏரியைக் கற்பனை செய்தவர் வியர் ஹென்றி லெவிஞ்ச். மதுரை மாவட்டக் கலெக்டராக இருந்தவர். 1863-ல் ஓடைகளின் தண்ணீர் வெளியேறும் இடுக்கில் ஒரு கரையைப் போட வைத்தார். தண்ணீர் பின்னால் ஏறி ஏறி, பள்ளத்தின் ஒவ்வொரு விரலிலும் புகுந்து நின்றது. சுமார் 60 ஏக்கர் பரப்பு. சுற்றி வந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 7,000 அடி உயரத்தில் ஒரு கண்மாய் பிறந்துவிட்டது.

கரை பெரிய கரை இல்லை. மேட்டூரையோ வைகை அணையையோ பார்த்த கண்ணுக்கு அது கண்ணிலேயே படாது. ஏரியைச் சுற்றும் சாலையில் நடப்பவர்கள் அதைக் கடக்கும்போதுகூட, காலுக்குக் கீழே இருக்கும் கரைதான் இத்தனை தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது என்பது தெரியாமலே கடந்து போகிறார்கள். ஒரு அணைக்கு இதைவிட அடக்கம் வேண்டுமா!

லெவிஞ்ச் ஏரியோடு நிற்கவில்லை. மீன் கொண்டுவந்து விட்டார். யூகலிப்டஸ் மரங்களையும் மேல்நாட்டுக் காய்கனிகளையும் மலைக்கு அறிமுகப்படுத்தினார். ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலிலேயே தங்கி, 1885-ல் காலமானார். ஏரியின் கதையைச் சொல்லும் எந்தக் கையேட்டிலும் அவர் பெயர் முதல் வரியில் இருக்கும். இரண்டாவது வரியில் இன்னொரு தகவல் இருக்கும்: ஏரிக்கான முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது.

அந்த இரண்டாவது வரியில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மலையேறிய படகு

தூத்துக்குடியிலிருந்து படகு வந்தது என்று வாயால் சொல்லிவிடலாம். எப்படி வந்திருக்கும்?

1863-ல் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் நடுவே ரயில் கிடையாது. தெற்குச் சீமைக்கு ரயில் வந்தது 1870-களின் நடுவில். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இறங்கும் அம்மையநாயக்கனூர் நிலையமும் (இன்றைய 'கொடை ரோடு') அப்போதுதான் வந்தது. அதற்கு முன்பு சமவெளியில் மாட்டுவண்டிதான் கதி. இது பாதி தூரம்.

மீதி தூரம் மலை. இன்று வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிறதே, அந்த மலைச்சாலையில் வாகனங்கள் ஓடத் தொடங்கியது 1910-களில்தான். அதாவது, ஏரி பிறந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து! அதுவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் பத்து மைலுக்கும் மேற்பட்ட மலைப்பாதைதான் வழி. குதிரை ஏறும், ஆள் ஏறும், வண்டி ஏறாது. துரைமார்களில் குதிரை ஏறத் தெரிந்தவர்கள் குதிரையில் போனார்கள். மற்றவர்களையும், துரைசானிகளையும், குழந்தைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார வைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அரிசி மூட்டை, கட்டில், கண்ணாடி ஜன்னல், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் தலைச்சுமையாகவே மேலே போயின. அந்தப் பாதைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரே 'கூலி காட்'. சுமை தூக்கியவர்களின் பெயரில் இருந்தது பாதை. தூக்கியவர்கள் ஒருவரின் பெயரும் எங்கேயும் இல்லை.

அந்தப் பாதையில்தான் படகும் ஏறியாக வேண்டும். முழுப் படகாக ஏறினாலும் சரி, பலகை பலகையாகப் பிரித்து ஏறினாலும் சரி, மனுஷத் தோளைத் தவிர வேறு வழி எது? தூத்துக்குடிக் கடற்கரையில் உப்புத் தண்ணீரில் மிதக்க வேண்டிய மரம், ஏழாயிரம் அடி உயரத்தில், குளிரில் நடுங்கும் நன்னீரில் மிதந்தது. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக யாரும் இவ்வளவு பாடு பட மாட்டார்கள். கரை எதற்காகப் போடப்பட்டது என்பதற்கு அந்தப் படகே சாட்சி.

துடுப்புக்காரர்களின் நாடு

படகுக்காகச் சிறு அணை கட்டுவது லெவிஞ்சின் தனி யோசனை என்று சொல்ல முடியாது. ஊட்டியில் ஜான் சல்லிவன் 1820-களிலேயே கரை போட்டு ஏரி எடுத்துவிட்டார். உலகத்தின் இன்னொரு மூலையில், அமெரிக்காவும் கனடாவும் சந்திக்கும் எல்லைக் காடுகளில், இதற்கு வேறு ஒரு மரபே இருக்கிறது. மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கில் காட்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். சிறிய, லேசான துடுப்புப் படகில் ஏரி விட்டு ஏரி போவதுதான் அங்கே பயணம். மரம் வெட்டியவர்கள் கட்டைகளை மிதக்கவிடுவதற்காகப் போட்ட சிறு தடுப்பணைகள் அந்தக் காடுகளில் இருந்தன. தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் பாறை தட்டும், படகு போகாது. அதனால் காட்டுப் படகுப் பயணத்தில் சின்னத் தடுப்பணைக்கும் பெரிய மதிப்பு உண்டு.

அங்கே ஒரு ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை நடுவில் தரை வந்தால் என்ன செய்வார்கள்? படகைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். யார் படகில் போகிறாரோ அவரேதான் தூக்க வேண்டும். மூட்டை முடிச்சும் அவர் முதுகிலேயே. அது அந்தப் பயணத்தின் எழுதாத சட்டம்.

கொடைக்கானலிலும் படகு தோளில் ஏறித்தான் வந்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. இங்கே தூக்கியவர் ஒருவர்; துடுப்புப் போட்டவர் வேறொருவர்.

எல்லோருக்கும் கிடைத்த துடுப்பு

முதல் படகுக்குப் பின்னால் மற்ற படகுகளும் வந்தன. 1890-ல் படகுச் சங்கம் அமைந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் வெயில் காலம் முழுக்க மேலே தங்கி, மாலையில் துடுப்புப் போட்டார்கள். படகுத்துறை பொதுமக்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் திறந்துவிடப்பட்டது 1932-ல். ஏரி உண்டாகி 69 வருடம் கழித்து! சுமந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் காசு கொடுத்துத் துடுப்பைத் தொட அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இன்று அந்தக் கதையே தலைகீழ். மிதிபடகு, துடுப்புப் படகு, கூரை போட்ட 'ஷிகாரா' என்று ஏரி நிறையப் படகுகள். மதுரைக் கல்யாண ஜோடியும், ராஜபாளையம் மில் தொழிலாளி குடும்பமும், சேத்தூர் விவசாயியின் பேரனும் ஒரே தண்ணீரில் மிதக்கிறார்கள். நடுவில் போய் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால், கரைச் சத்தமெல்லாம் அடங்கி, துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் 1863-ல் கரை போட்டார்கள். அது இன்று எல்லோருக்கும் கிடைக்கிறது என்பதுதான் இந்த ஏரியின் கதையில் நல்ல பகுதி.

மறுகால் பாயும் இடம்

சேத்தூர்ப் பிள்ளையின் கேள்வியில் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது. மடை இல்லை, சரி. மிஞ்சிய தண்ணீர் எங்கே போகிறது?

அதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், தெரியாமல் பார்த்திருக்கிறார்கள்! மலைச்சாலையில் ஏறும்போது ஊருக்குச் சுமார் 8 கிலோமீட்டர் முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்கும். பழக்கடை, சோளக்கடை, குரங்குக் கூட்டம். அங்கே 180 அடி உயரத்திலிருந்து விழும் வெள்ளி அருவி கொடைக்கானல் ஏரியின் வழிந்தோடும் தண்ணீர்தான். கண்மாய்ப் பாஷையில் சொன்னால், இது ஏரியின் மறுகால்.

மேலே ஏரி நிறைந்தால் இங்கே அருவி கொட்டும். மேலே மட்டம் இறங்கினால் இங்கே பாறையில் நூல் நூலாக வழியும். அருவி முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு, தாங்கள் அப்போதே ஏரியைப் பார்த்துவிட்டோம் என்பது தெரியாது. ஏரியில் கலப்பது எதுவானாலும் இந்த வழியாகத்தான் கீழே இறங்கும் என்பதும் தெரியாது.

ஆயக்கட்டுக்காரர் யார்?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் கனமாகிறது.

ஒரு கண்மாய் எப்படிப் பிழைத்திருக்கிறது என்று சேத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், கரையின் பலத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதற்கு ஆயக்கட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பார்கள். தண்ணீர் வரும் ஓடையில் முள் மண்டினால் வெட்டுவார்கள். கரையில் எலிவளை தெரிந்தால் மண் அடைப்பார்கள். வண்டல் சேர்ந்தால் கோடையில் அள்ளி வயலில் போடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று குடிமராமத்துக்கு வந்தது ஒரு காலம். அடைமழை இரவில் கரை தாங்குமா என்று பார்க்க டார்ச் லைட்டோடு போவது இன்றைக்கும் உண்டு. கண்மாய் உடைந்தால் தன் சோறு போகும் என்று தெரிந்த ஆட்கள் இருக்கும் வரை கண்மாய் இருக்கும்.

கொடைக்கானல் ஏரியின் தண்ணீரை நம்பி விதைக்கிற ஆயக்கட்டுக்காரர் யாரும் ஏரிக்கரையில் இல்லை. அரை மணி நேரம் மிதந்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதன் ஆயக்கட்டு. அதன் விளைவு தண்ணீரில் தெரிகிறது. சுற்றியுள்ள சரிவுகளில் கட்டடங்கள் பெருகப் பெருக, கழிவுநீர் ஏரிக்குள் இறங்குகிறது என்ற புகார் பல வருடமாக ஓயவில்லை. நீர்க்களை படர்வதும், அதை அகற்றுவதும், மறுபடி படர்வதுமாகக் காலம் ஓடுகிறது. வண்டல் இறங்கி விரல் நுனிகள் மேடு தட்டுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத விஷயம் இன்னொன்று. ஊரின் மேட்டுப் பகுதியில் இயங்கிய ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே வந்தது அம்பலமானதால் 2001-ல் மூடப்பட்டது. அந்தப் பாதரசம் ஏரித் தண்ணீரிலும் மீனிலும் இருந்ததை 2006-ல் வெளியான விஞ்ஞானிகளின் ஆய்வு காட்டியது. தெளிவாகத் தெரிகிற தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று அர்த்தமில்லை.

ஊட்டி ஏரி இதற்கு மூத்த உதாரணம். சல்லிவன் காலத்தில் இருந்த ஏரியில் பெரும் பகுதி இன்று தண்ணீர் இல்லை. குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் அந்தப் பழைய ஏரியின் மேல்தான் நிற்கின்றன. ஏரிகள் ஒரே நாளில் சாவதில்லை. ஒவ்வொரு முழமாகத் தரையாகி, ஒரு நாள் அங்கே பஸ் நிற்கும்.

நம்பிக்கை தரும் விஷயங்களும் இல்லாமல் இல்லை. மலை தாங்குகிற அளவுக்குத்தான் வண்டிகள் ஏற வேண்டும் என்ற பேச்சு நீதிமன்றம் வரை போய், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணத் தொடங்கியிருக்கிறோம். கண்மாயில் எத்தனை குழி தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தால்தானே எத்தனை வயலுக்குத் திறக்கலாம் என்று முடிவு செய்ய முடியும்? இதுவும் அதே கணக்குதான்.

போகிறவர்களுக்கு...

கிளம்புவதற்கு முன்பே இ-பாஸை ஆன்லைனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் போகிறவர்கள் கொடை ரோடு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து 80 கிலோமீட்டர் சாலை வழியாகப் போக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் தொடர் விடுமுறைகளிலும் ஏரிக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. வார நாள்களில் போனால் நிம்மதி.

விடியற்காலையில் ஏரியை ஒரு முறை நடந்தே சுற்றுங்கள். படகுத்துறை திறப்பதற்கு முன்பு, பனி விலகும் நேரத்தில், ஏரியின் உண்மையான முகம் தெரியும். நடக்கும்போது ஓடைகள் உள்ளே வரும் இடங்களையும், தண்ணீர் வெளியே போகும் இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கரையின் மேல் நிற்கும்போது, "இதுதான் அந்த அணை" என்று சொல்லுங்கள். இறங்கும்போது வெள்ளி அருவியில் நிறுத்தி, "இதுதான் அதன் மறுகால்" என்று சொல்லுங்கள். ஒரு நாளில் ஒரு முழுக் கண்மாயையே படித்த மாதிரி ஆகிவிடும்.

படகில் ஏறும்போது கையில் இருக்கும் பிஸ்கட் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினால், அன்றைக்கு அந்த ஏரியின் குடிமராமத்தில் உங்கள் பங்கு முடிந்தது. பெரிய வேலை அரசுக்கும் நகராட்சிக்கும் விடுதிக்காரர்களுக்கும் இருக்கிறது. ஆனால், ஆயக்கட்டுக்காரர்கள் கேட்டால்தான் எந்தக் கண்மாயிலும் வேலை நடக்கும்.

வீடு திரும்பும் வண்டி மலை இறங்கி, உசிலம்பட்டி தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கடந்து சேத்தூர் வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். சாலையோரக் கண்மாயில் தண்ணீர் கிடந்தால் கடைசி வெளிச்சம் அதில் தெரியும். அங்கே படகு கிடையாது. கரையில் யாராவது ஒருவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மடையை எட்டிப் பார்த்தபடி நடந்துகொண்டிருப்பார்.